பிளீச்சிங் பவுடரும் பிளீச் திரவமும்: வீட்டில் எழும் கேள்விகள், பதில்கள்

மழைக்காலம் வந்தால் கிணற்றுக்கு, காய்ச்சல் பரவினால் வாசலுக்கு, விசேஷத்துக்கு முன்னால் பாத்ரூமுக்கு என்று பிளீச்சிங் பவுடர் நுழையாத வீடு குறைவு. கடையில் பாட்டிலில் வரும் பிளீச் திரவமும் இதற்கு நெருங்கிய உறவுதான். இவற்றை அளந்து போடுகிறவர்களைவிட, அள்ளிப் போடுகிறவர்கள்தான் அதிகம். அடிக்கடி வரும் கேள்விகளில் ஆபத்தானதை முதலில் எடுத்துக்கொள்வோம்.

ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போட்டால் பாத்ரூம் பளிச்சென்று ஆகும் என்கிறார்களே?

கூடவே கூடாது. பாத்ரூம் ஆசிட் என்று விற்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஹார்பிக் போன்ற நீலநிறக் கழிவறைத் திரவத்திலும் அதே அமிலம்தான் சுமார் 10 சதவீதம் இருக்கிறது. பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ அமிலத்தோடு சேர்ந்த அந்த நொடியே குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தில் ஈப்ர் நகருக்கு அருகே ஜெர்மானியப் படை எதிரியின் மேல் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நல்ல பிளீச்சிங் பவுடர் 100 கிராமில் ஏறக்குறைய 33 கிராம் குளோரின் வெளிவரும் நிலையில் இருக்கிறது. போதுமான ஆசிட் பட்டு அது முழுவதும் வாயுவானால் சுமார் 11 லிட்டர். 5 அடிக்கு ஆறரை அடி, 8 அடி உயரம் உள்ள நம் வீட்டுப் பாத்ரூமின் கொள்ளளவு ஏழாயிரம் லிட்டரைச் சற்றுத் தாண்டும். அதாவது காற்றில் பத்து லட்சத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு பங்கு குளோரின். தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிகளில், உடனடியாக உயிருக்கு ஆபத்து என்று வைத்திருக்கும் எல்லை பத்து லட்சத்துக்கு 10 பங்குதான். ஒரு கைப்பிடி பவுடரில் நூறில் ஒரு பங்கு வாயுவானாலே அந்த எல்லை தாண்டிவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது, தரையோடு தங்கும். நாம் பாத்ரூம் கழுவுவது குத்துக்காலிட்டு, முகம் தரைக்குப் பக்கத்தில் இருக்க, கதவை ஒருக்களித்துவிட்டு. வாயு எங்கே தேங்குகிறதோ அங்கேதான் நம் மூக்கும் இருக்கிறது.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று போடலாமா என்றும் கேட்கிறார்கள். முதலில் போட்டது ஒட்டாமல் ஓடும்வரை நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவியபின், வேறொரு நாள் மற்றதைப் போடுங்கள். சுண்ணாம்புக் கறைக்கு ஆசிட், கிருமிக்கு பிளீச். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. கழிவறைக்கென்று விற்கும் பாட்டில்களில் சில அமில வகை, சில ஹைப்போகுளோரைட் வகை, அதாவது பிளீச். பாட்டில்கள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

வேறு எதோடெல்லாம் சேர்க்கக் கூடாது?

எலுமிச்சை, வினிகர், புளி, சிட்ரிக் அமிலம் எல்லாமே அமிலம்தான். ஆசிட் அளவுக்கு வேகம் இல்லாவிட்டாலும் குளோரினைக் கிளப்பிவிடும். அம்மோனியா உள்ள சில கண்ணாடி துடைக்கும் திரவங்களோடு சேர்ந்தால் குளோரமைன் என்ற வாயுக்கள் உண்டாகும். கண்ணும் தொண்டையும் எரியும். சானிட்டைசர், ஸ்பிரிட் போன்றவற்றோடு சேர்ந்தால் குளோரோஃபார்ம் உள்ளிட்ட நச்சுப் பொருட்கள் உருவாகலாம். பினாயிலோடு கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று வீணாக்கும்.

பலருக்கும் தெரியாத ஒன்று சிறுநீர். நாட்பட்ட மூத்திர வாடை என்பதே பெரும்பாலும் அம்மோனியாதான். நாற்றம் அடிக்கும் கழிவறையில் பவுடரைக் கொட்டியதும் மூக்கைத் துளைப்பது போல ஒரு நெடி எழுமே, அது 'மருந்து நன்றாக வேலை செய்கிறது' என்பதற்கான அடையாளம் இல்லை. குளோரமைன் உண்டாகிறது என்று பொருள். முதலில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவிவிட்டு, அப்புறம் பிளீச் போடுங்கள். பழைய ரயில் நிலையக் கழிவறைகளிலும் நீச்சல் குளங்களிலும் கண் எரிவது இதே காரணத்தால்தான்.

பிளீச்சோடு தனித் தண்ணீரைத் தவிர எதையும் சேர்ப்பதில்லை என்று வைத்துக்கொள்வது எளிது. வெந்நீர்கூட வேண்டாம். சூடு அதைச் சிதைத்துவிடும்.

தெரியாமல் கலந்துவிட்டோம். இப்போது என்ன செய்வது?

விட்டுவிட்டு வெளியே வாருங்கள். 'கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்துவிடுகிறேன்' என்று திரும்பப் போகாதீர்கள். கதவு திறந்தே இருக்கட்டும், எக்ஸாஸ்ட் விசிறியின் சுவிட்ச் வெளியே இருந்தால் போடுங்கள், எல்லோரும் காற்றோட்டமான இடத்துக்குப் போங்கள். நெடி முழுதாக அடங்கும்வரை யாரும் உள்ளே போக வேண்டாம். ஈரத் துணியைக் கட்டிக்கொண்டால் போதும் என்பது தவறான தைரியம். கொரோனா காலத்து முகக்கவசமும் வாயுவைத் தடுக்காது.

இருமல் நிற்கவில்லை, நெஞ்சு இறுக்குகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. சற்று நேரத்தில் சரியாகிவிட்டது போல இருந்தாலும் அன்றிரவு முழுவதும் கவனமாக இருக்க வேண்டும். குளோரினை அதிகம் சுவாசித்தவர்களுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். ஆஸ்துமா உள்ளவர்கள், குழந்தைகள் என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கண்ணில் தெறித்தால்? குழந்தை குடித்துவிட்டால்?

கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில், இமையை விலக்கிப் பிடித்து, கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவ வேண்டும். லென்ஸ் போட்டிருந்தால் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். பிறகு கண் மருத்துவர். பிளீச் காரத்தன்மை உடையது. காரம் கண்ணுக்குள் ஆழமாக இறங்கும் என்பதால் எரிச்சல் குறைந்தாலும் காட்டிவிடுவது நல்லது. தோலில் பட்டால் வழவழவென்று இருக்கும். அந்தக் காரம் தோலின் எண்ணெய்ப்பசையை அரிக்கிறது. நிறையத் தண்ணீரில் கழுவுங்கள்.

குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உள்ளே போகும்போது ஒரு முறை புண்ணாக்கியது, வெளியே வரும்போது இன்னொரு முறை புண்ணாக்கும். உப்புக் கரைசலும் வேண்டாம். 'காரத்துக்குப் புளிப்பு மாற்று' என்று எலுமிச்சைச் சாறு கொடுப்பது வயிற்றுக்குள்ளேயே குளோரின் தயாரிப்பதற்குச் சமம். நினைவோடு இருந்தால் வாயைக் கொப்பளிக்க வைத்து, ஓரிரு மடக்குத் தண்ணீர் கொடுத்து, பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். என்ன திரவம், எவ்வளவு அடர்த்தி என்று மருத்துவருக்குத் தெரிவது பெரிய உதவி.

இதில் மனம் வலிக்கும் விஷயம் ஒன்று உண்டு. தெருவில் வண்டியில் வைத்து ஆசிட், பினாயில், பிளீச் எல்லாம் சில்லறையாக விற்கிறார்கள்; நாம் பழைய குளிர்பான பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ வாங்கி வைக்கிறோம். தாகத்தில் வரும் பிள்ளைக்கு அது குடிக்கும் பாட்டில்தான். காசு மிச்சம் என்று இதைச் செய்யாதீர்கள். குடிக்கும் பொருள் வந்த பாட்டிலில் இந்த வகைத் திரவம் எதையும் ஊற்றி வைக்கவே கூடாது.

பவுடருக்கும் பாட்டில் திரவத்துக்கும் என்ன வித்தியாசம்?

உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் குளோரின், இன்னொரு பக்கம் காஸ்டிக் சோடா கிடைக்கும். இந்தக் குளோரினைக் காஸ்டிக் சோடா கரைசலில் செலுத்தினால் சோடியம் ஹைப்போகுளோரைட்; அதுதான் பாட்டிலில் வருவது. உலர்ந்த நீற்றுச் சுண்ணாம்பின் மேல் செலுத்தினால் பிளீச்சிங் பவுடர், பள்ளிப் பாடத்தில் சலவைத்தூள் என்று படித்தது. மேட்டூரிலும், தூத்துக்குடி மாவட்டத்துச் சாகுபுரத்திலும் இந்த உப்பு–குளோரின் தொழில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. இலங்கையில் கிளிநொச்சிக்கு அருகே பரந்தனில் இருந்த தொழிற்சாலை காஸ்டிக் சோடாவும் குளோரினும் தயாரித்துக்கொண்டிருந்தது; 1980களில் போரில் அது நின்றுபோனது.

வீட்டுத் திரவத்தில் ஹைப்போகுளோரைட் பொதுவாக 4, 5 சதவீதம். பவுடரில் கிடைக்கும் குளோரின் 33 சதவீதத்தை ஒட்டி இருக்கும், அதுவும் புதிதாக இருக்கும்போது. நீச்சல் குளத்துக்கென்று விற்கும் கால்சியம் ஹைப்போகுளோரைட் 65 முதல் 70 சதவீதம். அது வீட்டுக்குத் தேவையே இல்லை. அதில் எண்ணெயோ மண்ணெண்ணெயோ பட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம்.

இது கிருமியை எப்படிக் கொல்கிறது?

தண்ணீரில் கரைந்ததும் ஒரு பகுதி ஹைப்போகுளோரஸ் அமிலமாக மாறுகிறது. மின்னூட்டம் இல்லாத சிறிய மூலக்கூறு என்பதால் கிருமியின் சுவரை எளிதாகத் தாண்டி உள்ளே போய், புரதங்களையும் நொதிகளையும் ஆக்சிஜனேற்றம் செய்து குலைத்துவிடுகிறது. இதற்கு எதிராகக் கிருமிக்கு எதிர்ப்புச் சக்தி வளர்வதும் கடினம்; ஒரே நேரத்தில் பத்து இடத்தில் அடி விழுகிறது. நம் உடம்பில் இருக்கும் வெள்ளையணுக்களே கிருமிகளை விழுங்கியபின் இதே ஹைப்போகுளோரஸ் அமிலத்தை உள்ளுக்குள் தயாரித்துத்தான் அவற்றைக் கொல்கின்றன. நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

ஆனால் குளோரினுக்கு ஆள் தெரியாது. கிருமியைத் தாக்குவது போலவே சளி, இரத்தம், சேறு, சோற்றுப் பருக்கை என எந்தக் கரிமப் பொருளையும் தாக்கித் தன்னைச் செலவழித்துவிடும். அதனால்தான் அழுக்கின் மேல் பிளீச் ஊற்றுவது வீண். முதலில் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், சோப்பு போகும்படி அலச வேண்டும், அப்புறம்தான் பிளீச். அதை ஊற்றிய உடனே துடைத்துவிடாமல் 10 நிமிடம் ஈரமாக விட வேண்டும்.

எவ்வளவு கலக்க வேண்டும்?

தரை, கைப்பிடி, கழிவறை போன்றவற்றுக்கு 0.1 சதவீதம் போதும். 5 சதவீதத் திரவம் என்றால் 20 மில்லியோடு தண்ணீர் சேர்த்து 1 லிட்டர் ஆக்குங்கள். 4 சதவீதம் என்றால் 25 மில்லி. பவுடர் என்றால் லிட்டருக்கு 3 கிராம். இரத்தம், வாந்தி சிந்திய இடத்துக்கு, துடைத்து எடுத்தபின், 0.5 சதவீதம், பவுடரில் லிட்டருக்கு 15 கிராம்.

பவுடரைத் தண்ணீரில் போட்டுக் கலக்கிச் சற்று நேரம் விட்டால் சுண்ணாம்பு அடியில் படியும். மேலே தெளிந்ததைப் பயன்படுத்துங்கள். பிளாஸ்டிக் பக்கெட்டில் கலக்குங்கள். அன்றைக்குக் கலந்தது அன்றைக்கு மட்டும்தான்.

கூடுதலாகப் போட்டால் கூடுதல் சுத்தம் என்ற எண்ணம்தான் பெரும்பாலான சிக்கலுக்குக் காரணம். பத்து மடங்கு போட்டால் மூச்சு முட்டும், எவர்சில்வர் புள்ளி புள்ளியாக அரிக்கும், செப்டிக் டேங்கில் மலத்தை மக்க வைக்கும் நுண்ணுயிர்களும் சாகும். கிருமி மட்டும் பத்து மடங்கு சாகாது.

கிணற்றுக்கும் தொட்டிக்கும் எவ்வளவு?

பொதுச் சுகாதாரப் பாடநூல்கள் சொல்லும் கணக்கு, தெளிந்த தண்ணீர் 1,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம். வட்டக் கிணறு என்றால் விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, 4ஆல் வகுத்தால் கன மீட்டர் வரும். அதை ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர். 2 மீட்டர் விட்டம், 3 மீட்டர் தண்ணீர் உள்ள கிணற்றில் இருப்பது சுமார் 9,400 லிட்டர். அதற்கு வேண்டியது 24 கிராம். ஒரு கிணற்றுக்கு இவ்வளவுதானா என்று தோன்றும். இவ்வளவுதான். அரைக் கிலோ பாக்கெட்டை அப்படியே கவிழ்ப்பவர்கள் சில நாளைக்கு வாயில் வைக்க முடியாத தண்ணீரைக் குடிக்கிறார்கள், அல்லது அதை இறைத்து வீணாக்குகிறார்கள்.

எடை பார்க்கச் சமையலறைத் தராசு போதும். பவுடரை வாளியில் கொஞ்சம் தண்ணீரோடு பசைபோலக் குழைத்து, முக்கால் வாளிக்குத் தண்ணீர் நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். தெளிந்ததை வேறு வாளிக்கு மாற்றி, கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழும் பல முறை இழுத்துக் கலக்க வேண்டும். அடியில் தங்கிய சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டாதீர்கள்; தண்ணீரின் கடினத்தன்மை கூடும். குறைந்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். இரவில் எல்லோரும் இறைத்து முடித்தபின் போட்டுவிட்டால் காலைக்குத் தயார். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருந்தால் அளவு சரி. சோதிக்கும் சிறிய பெட்டிகள் கடையில் கிடைக்கின்றன. கலங்கிய தண்ணீர் குளோரினைத் தின்றுவிடும் என்பதால், வெள்ளம் புகுந்த கிணற்றை முதலில் இறைத்துச் சேறெடுக்க வேண்டும். கிணற்றுக்குள் ஆள் இறங்குவது தனி ஆபத்து. பழகிய, பாதுகாப்புக் கருவிகள் உள்ள ஆட்களிடம் விடுங்கள்.

மேல்நிலைத் தொட்டியையும் சம்ப்பையும் கழுவியபின் கிருமி நீக்க வேண்டும் என்றால் கணக்கு வேறு. 1,000 லிட்டர் தொட்டியை நிரப்பி 150 கிராம் பவுடரின் தெளிந்த கரைசலைச் சேர்த்தால் லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் இருக்கும். அதை ஓர் இரவு விட்டு, முழுவதும் வடித்து, நல்ல தண்ணீரால் அலசுங்கள். அந்த நேரத்தில் குழாயைத் திறந்து யாரும் குடித்துவிடாதபடி வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

வெள்ள நேரத்தில் குடிநீருக்குப் பிளீச் போடலாமா?

கொதிக்க வைக்க வழி இருந்தால் அதுதான் முதல் வழி. காஸும் விறகும் இல்லை என்ற நிலையில், வாசனையோ சோப்போ சேர்க்காத 5 சதவீதத் திரவம் இருந்தால், வடிகட்டிய தெளிந்த தண்ணீர் லிட்டருக்கு 2 சொட்டு விட்டுக் கலக்கி அரை மணி நேரம் மூடி வையுங்கள். கலங்கலாக இருந்தால் 4 சொட்டு. லேசான குளோரின் வாடை வர வேண்டும். வாசனை சேர்த்த பிளீச்சைக் குடிநீரில் விடவே கூடாது. குளோரின் மாத்திரை கிடைத்தால் அதன் உறையில் எழுதியபடி போடுங்கள்.

குளோரின் காலரா, டைஃபாய்டு கிருமிகளை நன்றாகவே கொல்லும். கிரிப்டோஸ்போரிடியம் போன்ற தடித்த ஓடுள்ள ஒட்டுண்ணிகளை இந்த அளவில் கொல்லாது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, பூச்சிக்கொல்லி, தருமபுரிப் பக்கத்துத் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு ஆகியவற்றை அது தொடவே தொடாது.

குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை வருகிறது. உடம்புக்குக் கெடுதியா? புற்றுநோய் வரும் என்கிறார்களே?

இந்தியத் தரக் கட்டுப்பாட்டின்படி குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் மேல் எல்லை 5 மில்லிகிராம். வாடை வருவது குழாய் உடைந்த இடத்தில் சாக்கடை கலந்தாலும் ஓரளவு காப்பு இருக்கிறது என்பதற்கு அடையாளம். பிடிக்கவில்லை என்றால் அகன்ற பாத்திரத்தில் சில மணி நேரம் வைத்தாலோ கொதிக்க வைத்தாலோ போய்விடும். ஆர்ஓ இயந்திரத்தில் முதலில் வரும் கரி வடிகட்டியும் குளோரினை எடுத்துவிடும். அது பழுதானால் குளோரின் உள்ளே போய் மெம்பரேனைக் கெடுக்கும்.

புற்றுநோய் பற்றிய கேள்விக்கு ஓர் அடிப்படை உண்டு. குளோரின், தண்ணீரில் உள்ள மக்கிய இலை போன்ற கரிமப் பொருட்களோடு சேர்ந்து டிரைஹாலோமீத்தேன் என்ற, புற்றுநோய்ச் சந்தேகம் உள்ள பொருட்களை மிகச் சிறிய அளவில் உண்டாக்குகிறது. 1974இல் நெதர்லாந்து வேதியியலாளர் யோஹன்னஸ் ரூக் இதைக் கண்டறிந்தார். அதிலிருந்து அவற்றுக்கு எல்லைகள் வகுத்திருக்கிறார்கள். ஆனால் இந்தப் பயத்தால் கிருமி நீக்கத்தை விட்டுவிடக் கூடாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அசுத்தத் தண்ணீரால் வரும் வயிற்றுப்போக்கு ஒரு குழந்தையைச் சில நாட்களிலேயே கொன்றுவிடும். எடை போட்டால் நான் குளோரின் பக்கம்தான் நிற்பேன்.

சாலையோரம் வெள்ளைக் கோடாகப் பவுடர் போடுகிறார்களே, பயன் உண்டா?

கண்ணுக்குத்தான். உலர்ந்த பவுடர் உலர்ந்த மண்ணில் கிடந்தால் கிருமியைத் தேடிப் போகாது. காற்றிலும் ஈரத்திலும் வீரியம் இழந்து வெறும் சுண்ணாம்பாகும். அமைச்சர் வருகிறார், திருவிழா வருகிறது என்றால் கோடு போடுவதில் காட்டும் அக்கறையை, தேங்கிய சாக்கடையை அள்ளுவதில் காட்டினால் ஊருக்கு நல்லது. அந்தக் கோட்டை வெறுங்கையால் தூவிக்கொண்டு போகிறவர் ஒரு தூய்மைப் பணியாளர் என்பதும் மறக்கக் கூடாதது. அந்தத் தூசி அவர் கண்ணிலும் மூச்சிலும் போகிறது.

கொரோனா தொடங்கிய 2020இல் இதைவிட மோசமானதைப் பார்த்தோம். மார்ச் இறுதியில் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் ஊர் திரும்பிய தொழிலாளர்களைத் தரையில் உட்கார வைத்து ஹைப்போகுளோரைட் கரைசலை அவர்கள் மேல் பீய்ச்சினார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள். நாடெங்கும் அதைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். அதே மாதம் 18ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம், மனிதர்கள் மேல் கிருமிநாசினி தெளிக்கக் கூடாது, அது உடலுக்கும் மனதுக்கும் தீங்கு என்று அறிவுறுத்தியது. உடம்புக்குள் போன வைரஸை மேலே தெளிக்கும் மருந்து ஒன்றும் செய்யாது. ஹைப்போகுளோரைட் பொருட்களுக்கு உரியது, மனிதர்களுக்கு இல்லை.

வீட்டைச் சுற்றிப் போட்டால் பாம்பு வராதாமே?

நம்பத் தகுந்த ஆதாரம் எதுவும் இல்லை. மழை பெய்தால் வாடை போய்விடும், பாம்பு அதைத் தாண்டிப் போகும். 'மருந்து போட்டாயிற்று' என்ற நம்பிக்கையில் இருட்டில் டார்ச் இல்லாமல் நடப்பதுதான் உண்மையான ஆபத்து. எலி வராமல் பாருங்கள், செங்கல் குவியலையும் விறகுக் குவியலையும் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள், கதவுக்கு அடியில் உள்ள இடைவெளியை அடைத்துவிடுங்கள்.

கொசுப்புழு?

குடிநீரில் போடும் அளவுக்குக் குளோரின் இருந்தால் டெங்கு கொசுவின் புழு சாகாது. அதன் முட்டைகள் தொட்டியின் உட்சுவரில், நீர்மட்டத்தை ஒட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். வாரம் ஒரு முறை தொட்டியைக் காலி செய்து சுவரைத் தேய்த்துக் கழுவி, இறுக்கமாக மூடுங்கள்.

துணியில் எதற்குப் போடலாம், எதற்குக் கூடாது?

வெள்ளைப் பருத்தி வேட்டி, பனியன், படுக்கை விரிப்பு ஆகியவற்றுக்குப் போடலாம். பட்டும் கம்பளியும் புரத நார்கள். பிளீச் அவற்றைக் கரைத்தேவிடும். நைலானும் நீளும் துணியும் மஞ்சளாகும். சரிகை கறுக்கும். பக்கெட் தண்ணீரில் முதலில் பிளீச்சைக் கலந்தபிறகு துணியை நனைக்க வேண்டும். துணி மேல் நேராக ஊற்றினால் ஓட்டை விழும். பவுடரைத் துணிக்குப் பயன்படுத்த வேண்டாம், கரையாத துகள் ஒட்டிய இடத்தில் பொத்தல் விழும்.

மஞ்சள் கறை சோப்பு பட்டதும் சிவந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். காரத்தில் அதன் நிறம் மாறும். பிளீச் அதை எடுத்துவிடும். ஆனால் துவைத்து வெயிலில் காயப்போட்டாலே மஞ்சள் தானாக வெளிறும் என்பதால் சாம்பார் கறைக்கு நான் முதலில் வெயிலைத்தான் சொல்வேன். போர்வெல் தண்ணீரின் இரும்பால் வரும் பழுப்புக் கறைக்குப் பிளீச் போட்டால் அது இன்னும் அழுத்தமாகும். பிளீச் இரும்பைத் துருவாக்கிவிடும். அதற்கு எலுமிச்சை போன்ற அமிலம்தான் சரி. ஏற்கெனவே பிளீச் போட்ட துணி என்றால் நன்றாக அலசியபிறகு, வேறொரு நாளில்.

இதை முதலில் யார் கண்டுபிடித்தார்கள்?

குளோரினை 1774இல் சுவீடனில் வேதியியலாளர் ஷீலே பிரித்தெடுத்தார். அதுவரை ஐரோப்பாவில் லினன் துணியை வெளுக்கப் புல்வெளியில் விரித்து மாதக்கணக்கில் வெயிலில் போட வேண்டியிருந்தது. பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தோலே குளோரின் துணியை வெளுக்கும் என்று காட்டினார்; பாரிஸின் ஜாவெல் பகுதியில் முதல் பிளீச் திரவம் தயாரானது. கிளாஸ்கோவில் சார்லஸ் டென்னன்ட் 1799இல் பிளீச்சிங் பவுடருக்குக் காப்புரிமை பெற்றார். பவுடரானதால் மூட்டையில் கட்டி எங்கும் அனுப்ப முடிந்தது.

துணிக்காக வந்த பொருள் உயிரும் காக்கும் என்று காட்டியது வியன்னா. அங்குள்ள பொது மருத்துவமனையில் பிரசவித்த தாய்மார்கள் காய்ச்சலில் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். பிணப் பரிசோதனை செய்த கையோடு மருத்துவர்கள் பிரசவம் பார்ப்பதுதான் காரணம் என்று அங்கிருந்த மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ் ஊகித்து, 1847 மே மாதம் எல்லோரும் சலவைத்தூள் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று கட்டாயமாக்கினார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 பேர் இறந்த பிரிவில் ஜூனில் இறந்தவர்கள் நூற்றுக்கு சுமார் 2 பேர். கிருமி என்ற ஒன்று நோய் தருகிறது என்று அப்போது மருத்துவ உலகம் ஏற்றிருக்கவில்லை. அவர் சொன்னதைச் சக மருத்துவர்கள் பலர் நம்ப மறுத்தார்கள். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்: வழி தெரிந்த பிறகும் எத்தனையோ தாய்மார்கள் இறந்தார்கள்.

வீட்டு வேலைக்கு வரும் அக்கா கையுறை வேண்டாம், பழக்கம்தான் என்கிறார். விட்டுவிடலாமா?

விடாதீர்கள். ஒரு வீட்டில் அரை மணி நேரம் என்றால் நமக்குப் பெரிதாகத் தெரியாது; அவர் நாலைந்து வீட்டில் தினமும் செய்கிறார். கை வெடிப்பும் நாட்பட்ட இருமலும் மெதுவாக வருபவை. ரப்பர் கையுறையை அவர் அளவுக்கு நீங்களே வாங்கிக் கொடுங்கள். ஆசிட், பிளீச் இரண்டையும் அவர் கையில் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். எதில் என்ன இருக்கிறது என்று பாட்டிலில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள், வாயாலும் சொல்லுங்கள். கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்துவிட்டுத்தான் கழுவ வேண்டும் என்பதை வீட்டுக்காரர் சொன்னால்தான் அவரால் தயங்காமல் செய்ய முடியும்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்? பழைய பவுடரை என்ன செய்வது?

திரவம் வெயிலிலும் சூட்டிலும் சிதைந்து உப்புத் தண்ணீராகிக்கொண்டே இருக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் சிதையும் வேகம் ஏறக்குறைய மூன்று மடங்காகும். மொட்டை மாடி ஷெட்டில் மே மாதம் கிடந்த பாட்டிலை நம்பிக் கிருமி நீக்காதீர்கள். தயாரிப்புத் தேதியைப் பார்த்துச் சிறிய பாட்டிலாக வாங்குங்கள். சிதையும்போது வாயு வருவதால் பாட்டில் உப்பலாம். திறக்கும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள்.

பவுடரை ஈரம் படாத, நிழலான இடத்தில், இறுக மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். ஆசிட் பாட்டில் இருக்கும் அலமாரியில் வேண்டாம், எண்ணெய், மண்ணெண்ணெய், பெயின்ட் பக்கத்திலும் வேண்டாம். கட்டியாகி, வாடையே இல்லாமல் போயிருந்தால் வீரியம் போய்விட்டது. அதைக் குப்பையில் உலர்ந்தபடி கொட்டினால் எந்தப் பொருளோடு சேரும் என்று தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கெட் தண்ணீரில் கரைத்து, நிறையத் தண்ணீரோடு கழிவறையில் ஊற்றுங்கள், அன்றைக்கு ஆசிட் போடாத கழிவறையாகப் பார்த்து. குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள், மிகச் சிறிய அளவு குளோரினுக்கே மீன்கள் செத்துப்போகும்.